சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணுகிறவள்

சின்னவளின் முழங்கால் நூற்றைந்து டிகிரி மடங்கியது என்று, உடற்பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கு வரும் பிசியோ, கூடத்து நாட்காட்டியில் எழுதியபோது பெரியவளுக்கு வயிறு எரிந்தது. தன் பெயருக்கு நேராக எழுபத்தெட்டுதான் இருந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, இருபத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒரு பலகைச் சுவரின் இரண்டு பக்கமும் குடித்தனம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் ஒரே ஆஸ்பத்திரியில்தான். பெரியவள் நாலு நாள் முந்திப் படுத்தவள். முந்திப் படுத்தவள் பிந்தி எழுவதா? அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

"இன்னும் ரெண்டு வாரத்துல டாக்டர் பாக்கறப்ப தொண்ணூறாவது இருக்கணும்மா. இல்லேன்னா மயக்கம் குடுத்து அவரே மடக்கி விடுவாரு," என்றாள் பிசியோ.

"அவளுக்கு?"

"அவங்களுக்கு மடங்குறதுல பிரச்சினையே இல்ல. நீங்க உங்க காலைப் பாருங்க. வேளைக்குப் பத்து, மூணு வேளை. அதுக்கு மேல வேணாம்."

மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலா? அதுவும் சின்னவள் கூடத்தில் ஜம்மென்று உட்கார்ந்து வழியனுப்பி வைக்க! பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிசியோ போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." பெரியவளும் குதிகால் வழுக்கிக்கொண்டு வர அடியில் பிளாஸ்டிக் பையை வைத்து, பாதத்தில் துண்டை மாட்டி இழுத்தாள். அங்கே பத்தோடு நிற்கவில்லை. இருபது, முப்பது, ஐம்பது. ஓஹோ, நூற்றைந்தின் ரகசியம் இதுதானா! அவளுடைய ஐம்பதுக்கு இவள் அறுபது செய்தாள். கண்ணில் நீர் முட்டியது. விடவில்லை.

மூன்றாம் நாள் மூட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அளந்தால் எழுபத்திரண்டு.

"என்னம்மா பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

பிசியோ நம்பவில்லை. "ஐஸ் வைங்க. இன்னிக்கு முழுக்க மடக்கவே கூடாது."

மத்தியானம் ஐஸ் பையோடு படுத்திருந்தவள் காதில் மறுபடியும் எண்ணிக்கை விழுந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. பொறுக்க முடியவில்லை. வாக்கரை ஓசைப்படாமல் நகர்த்தி நகர்த்திப் போய்க் கதவைத் தள்ளினாள்.

சின்னவள் முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து, சாய்ந்து படுத்துப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். "நாப்பத்தொண்ணு," என்ற வாய் திறந்தபடியே நின்றது.

"ஓ! வாயாலதான் மடக்குறியா?"

"அக்கா... நீங்க எப்படி இங்க?"

"கால் இருக்கு, வந்தேன். எதுக்குடி இந்த நாடகம்?"

சின்னவள் முகம் சுண்டிவிட்டது. "நீங்க தனியா பாத்ரூம் போறீங்க, வரீங்க. டக்டக்குன்னு எனக்குக் கேக்குது. எனக்கு மடங்குதே ஒழிய நீட்ட வரல. நின்னா கொக்கி மாதிரி இருக்கு. தலையணை வைக்காதேன்னு பிசியோ தலையில அடிச்சுக்கறா, வைக்கலேன்னா வலி உயிர் போகுது. எனக்கு மட்டும் எரியணுமா? உங்களுக்கும் கொஞ்சம் எரியட்டும்னுதான் எண்ணினேன்."

சின்னவள் தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள்! இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு நல்ல செய்தியைப் பெரியவள் கேட்டதில்லை. நெஞ்சு குளிர்ந்தது. தலையணையை அப்படியே விட்டுவிட்டுப் போனால் அந்தக் கால் கோணலாகவே தங்கிவிடும். ஒரு நிமிஷம் அந்த நினைப்பும் இனித்தது. ஆனால் கோணல் காலோடு இருந்தால் இவளை வீடே தாங்குமே! உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வருமே! அதை யார் சகிப்பது?

தலையணைகளை உருவித் தரையில் எறிந்தாள்.

"இனிமே ரெண்டு பேரும் ஒரே ரூம். என் கண்ணு முன்னாடி நீ நீட்டு. உன் கண்ணு முன்னாடி நான் மடக்குறேன். பத்துக்கு மேல எவ எண்ணினாலும் பிசியோகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்."

"நீங்கதான் மொதல்ல எண்ணுவீங்க."

"பாக்கலாம்."

வீக்கம் வடிந்த பிறகு மிச்சமிருந்த பத்து நாளும் அப்படியே நடந்தது. ஒருத்தி எண்ண, இன்னொருத்தி கண் கொட்டாமல் பார்த்தாள்.

இருவரும் ஒன்றாகவே டாக்டரிடம் போனார்கள். பெரியவளுக்குத் தொண்ணூற்றொன்று. மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை என்றார். சின்னவளின் கால் கிட்டத்தட்ட நேராகியிருந்தது. மடக்கிப் பார்த்து, "நூத்தி நாலு," என்றார்.

"ஒண்ணு கொறஞ்சிருக்கே டாக்டர்," என்றாள் பெரியவள், ரொம்பக் கவலையோடு.

"அதெல்லாம் ஒரு கணக்கே இல்லம்மா."

"இருக்கட்டும். எழுதிக்கோங்க."