வீட்டு வைஃபைக்குள் பெஞ்சமின்

1.

இந்தக் கதை என் காதில் தானாக வந்து விழுந்தது. பக்கத்துத் தெரு பிரிசில்லா என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டு ஸ்பீக்கர் நடுவில் புகுந்து உளறிவிட்டது. சும்மா கிடைத்த கதை என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: "திருப்போரூரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பிரிசில்லா..."

மழையாவது கிழையாவது! அன்று மண்டையைப் பிளக்கிற வெயில். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "நம்பிக்கை என்பது..."

ஐயோ, வேண்டவே வேண்டாம்.

நேராக ஸ்பீக்கருக்கே வருகிறேன். மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு ரிசார்ட்டைப் புதுப்பித்தபோது, அறைக்கு அறை வைத்திருந்த பழைய ஸ்பீக்கர்களைத் தள்ளிவிட்டார்கள். பிரிசில்லாவின் கணவன் பெஞ்சமின் மூன்றை வாங்கிவந்து ஹால், சமையலறை, படுக்கையறை என்று வைத்தான். பிரமாதமாகப் பாடின. அவன் புது போன் வாங்கியதும் மூன்றும் ஊமையாகிவிட்டன. புது போனுக்கு அந்தக் கிழங்களை அடையாளமே தெரியவில்லை. விடுவானா? அதே கம்பெனியின் புது ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, பழசுகளோடு ஒரே குழுவாகச் சேர்த்தான். இப்போது போன் புதுசிடம் சொல்லும், புதுசு பழசுகளுக்குச் சொல்லும், வீடு முழுக்க ஒரே பாட்டு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த வீட்டு வைஃபைக்குள் இருக்கிற போனால்தான் இதைச் செய்ய முடியும். பொத்தேரியில் உட்கார்ந்துகொண்டு திருப்போரூர் வீட்டில் பாட்டுப் போட முடியாது. இது பிரிசில்லாவுக்கும் தெரியும்.)

3.

பெஞ்சமினுக்குப் பொத்தேரி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் ஷூ மாட்டிக்கொண்டு போனால் இருட்டித்தான் வருவான். பிரிசில்லா வீட்டிலேயே தையல். அன்று பகல் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எல்லா அறையிலும் ஒரு குத்துப்பாட்டு. ஒரு வரிகூட முடியவில்லை, நின்றுவிட்டது. தன் போனை எடுத்துப் பார்த்தால், பாட்டு வந்தது "பெஞ்சமின் போன்" என்பதிலிருந்து என்று காட்டுகிறது.

அவனைக் கூப்பிட்டாள். "எங்க கீற?"

"ஆபீசுலதான். இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல, சும்மா."

அடுத்த போன் எனக்கு. "அக்கா, பொய் சொல்றான்க்கா. இங்கதான் எங்கியோ கீறான்."

என் மூளை எங்கே ஓடியது என்று நினைக்கிறீர்கள்? கீழ் போர்ஷனுக்கு. அங்கே விஷாகா என்று ஒருத்தி தனியாகக் குடியிருக்கிறாள். வைஃபை அங்கேயும் எட்டும். "போய்க் கதவைத் தட்டுடி" என்றேன். கதை சூடுபிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. விஷாகாவுக்கு ஜிமிக்கிகூட மாட்டிவிட்டேன். அவள் கதவைத் திறந்தபோது அவளுடைய

(இல்லை. விஷாகா இந்தக் கதையை விட்டு இத்தோடு போகிறாள். அவளுக்கு இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீங்களும்தானே சந்தேகப்பட்டீர்கள்? என்னை மட்டும் முறைக்காதீர்கள்.)

4.

பிரிசில்லா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் மறுபடி வாயைத் திறந்தது. போன் வழியாக எனக்கே கேட்டது. யாரோ வகுப்பெடுக்கிற குரல்:

"போன வேலை ஏன் போச்சுன்னு இன்டர்வியூவுல கேட்டா, தலையக் குனியாதீங்க. சிரிச்ச முகமா சொல்லுங்க. எங்க, என்கூட சொல்லிப் பாருங்க..."

மேலே, மொட்டை மாடியில், யாரோ இருமினார்கள். புருஷன் இருமல் அவளுக்குத் தெரியாதா?

மீதியை நானே கூட்டிக்கொண்டேன். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை. நெட்டுக்கு ஆபீசு கொடுத்திருந்த சிம்மைத் திரும்ப வாங்கியிருப்பார்கள், சொந்த சிம்மில் பேச மட்டும்தான் முடியும். டீக்கடையில் உட்கார்ந்தால் "இன்னா நைனா, லீவா?" என்பார்கள். அதனால் தண்ணித் தொட்டி நிழலில், வீட்டு வைஃபையில், ஷூவோடு உட்கார்ந்திருக்கிறான். இயர்போனை அமுக்க வேண்டிய விரல் அவசரத்தில் வீட்டு ஸ்பீக்கர்களை அமுக்கிவிட்டது.

இந்த இடத்தில் பிரிசில்லா கத்துவதாக எழுதினேன். நான் அப்படித்தான் கத்தியிருப்பேன். அவள் ஓடினாள். ஹாலில் பட்டனை அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தாள், சமையலறைக்கு ஓடினாள், படுக்கையறைக்கு ஓடினாள். "ஜன்னல்லாம் தொறந்து கீதுக்கா, கீழ கேட்டுடப்போவுது" என்று மூச்சு வாங்கினாள்.

5.

(அடுத்தது நான் பார்க்காதது. அவள் சொன்னது.)

சாயங்காலம் வந்தான். முகம் கழுவினான். ஸ்பீக்கரைப் பார்த்தபடியே கேட்டான்.

"பகல்ல இது எதுனா பாடிச்சா?"

அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே, "இல்லியே. வாயே தொறக்கல" என்றாள்.

"பழசாச்சே, அப்பிடித்தான் பேஜாரு பண்ணும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டான்.

நம்பினானா? நம்பின மாதிரி சாப்பிட்டானா? பெஞ்சமின் என்கிற இந்தக் கதாபாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை.

6.

முடிவுகள்.

அ) மறுநாள் பின்னாலேயே போய் மாடியில் கையும் களவுமாகப் பிடிக்கிறாள். சீரியல்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆ) அடுத்த வாரமே அவனுக்கு வேலை கிடைத்து... எழுதக் கை கூசுகிறது.

இ) காலையில் அவன் ஷூவை எடுக்கும்போது, "மேல வெயிலு. உள்ளயே ஒக்காரு" என்கிறாள்.

இதை எழுதிவிட்டு நான் அழுதேன். பிரிசில்லாவிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாவது முடிவில் விரலை வைத்தாள்.

"இத்த எடுத்துடுக்கா."

"ஏன்டி? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் கீது. ஆனா நான் சொன்னா, அப்பால அவன் எங்க போய் ஒக்காருவான்? என் மூஞ்சிக்கு எதிர்லயா? அவனா வந்து சொல்லட்டும்."

"சொல்லலன்னா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி, பேரையாவது மாத்திடறேன்" என்றேன்.

"வேணாம். பேரு அப்பிடியே இருக்கட்டும்." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "நீ எழுதுறத அவன் ஒண்ணு வுடாம படிப்பான்க்கா."

அடிப்பாவி! அதற்குத்தானா என்னிடம் இவ்வளவும் சொன்னாய்?

அதனால் மூன்றாவது முடிவை நான் நீக்கவில்லை. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், முடிவை உங்கள் கையில் கொடுப்பதற்கில்லை. இதற்கு ஒரே ஒரு வாசகன்தான் இருக்கிறான். பெஞ்சமின், அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கீழே இறங்கி வா.