சோலியா வீட்டு மருமகள்

"உங்க பூர்வீகம் எந்த ஊரும்மா?"

"தஞ்சாவூர்ப் பக்கம்னு எங்கப்பா சொல்வார்."

"சோழ நாடுதானே? அப்ப இந்தக் கல்யாணம் நடக்காது."

நான் விரும்பிய மாலெமின் அப்பா என்னிடம் முதன்முதலில் பேசியது அவ்வளவுதான். நான் சுமத்ராவில் மேடான் நகரில் பிறந்த தமிழ்ப் பெண். அவர்கள் அங்கே கபான்ஜாஹே என்ற மலையூரின் காரோ இன மக்கள், சோலியா குலம். சோழ நாட்டிலிருந்து கப்பலில் வந்த முன்னோரால் அமைந்த பெயர் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். சொந்தக் குலத்தில் பெண் எடுப்பதோ அங்கே பெரும் பாவம்.

"தங்கச்சி முறையாகுதே, தெரியலையா உனக்கு?" என்று மகனைக் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. மாலெமின் தாய்மாமன் புலுங் என்னை மகளாக ஏற்று, தன் கிந்திங் குலத்தைத் தரவேண்டும். மாமன் மகளாகிவிட்டால் நான்தான் முறைப்பெண். ஆனால் அதை மாலெமின் அப்பாவே வாய்விட்டுக் கேட்க வேண்டும். அவர் மச்சானோடு பேசிப் பன்னிரண்டு வருடம். தன் புதுவீட்டு விருந்தில், பெண் கொடுத்த வீட்டாருக்கு முதலில் வைக்கவேண்டிய தட்டை ஓர் அதிகாரிக்கு வைத்துவிட்டார். புலுங் மாமா சாப்பிடாமலே எழுந்து போனார்.

நாங்கள் இரண்டு வருடம் கெஞ்சியபிறகு, ஒரு சனிக்கிழமை மாலெமின் அப்பா எங்களை அழைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். பாயில் உட்கார்ந்தோம். அவர் மடியில் வெற்றிலைப் பை. அதை நீட்டினால்தான் கேட்க வந்ததைக் கேட்க முடியும். அவர் நீட்டவில்லை.

"தோட்டத்து ஆரஞ்சுல பழ ஈ விழுந்திருக்காமே?"

"விழுந்திருக்கு," என்றார் மாமா.

"உருளைக்கிழங்கு?"

"அதுக்கென்ன, மண்ணுக்குள்ள இருக்கு." மாமா என்னைப் பார்த்தார். "இது யாரு?"

"மாலெம் ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு."

மாலெம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னைக்கு ஆபீசர், இன்னைக்கு ஆபீஸ் பொண்ணு. ஆபீஸ்னா உங்களுக்குத் தனி மரியாதைதான்," என்ற மாமா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மழைக்கு முன்னாடி தோட்டத்துக்குப் போகணும்."

அவர் வாசல்வரை போய்விட்டார். செருப்பில் ஒரு கால் நுழைந்துவிட்டது. இனி இன்னொரு சனிக்கிழமை வராது என்று எனக்குத் தெரிந்தது.

"மச்சான்."

மாமா நின்றார். மாலெமின் அப்பா முழங்காலால் நகர்ந்து போய், வெற்றிலைப் பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அன்னைக்கு உங்களுக்குத்தான் முதல்ல வச்சிருக்கணும். இந்தப் புள்ளைய உங்க மகளா ஏத்துக்கிட்டு, என் மகனுக்குக் குடுங்க."