ஜெயராம் பிரிக்காத உறை

2002-இல் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அருகே டாக்டர் மாதுரி நடத்திய கிளினிக்கில் நான் ரிசப்ஷன் பார்த்தேன். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் சளி என்று வந்தாலும் கூட வந்தவர்களை டாக்டர் வெளியே உட்கார வைத்துவிடுவார். பால்வினை நோய்ச் சோதனை செய்துகொள்கிறாயா என்று எல்லோரையும் ஒரே குரலில் கேட்பார். ஒருவரைக் கேட்டு ஒருவரை விட்டால், கேட்கப்பட்டவர் கூசிப்போவாராம். முடிவை அவரவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட உத்தரவு.

அதை மீறியது நான்தான்.

ஜெயராம் சார் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அவர் அப்பா ஹரிஹரன், ஆகவே ஹெச். ஜெயராம். மகள் ஹம்சாவுக்கோ, தில்லிப் படிவங்களில் அப்பா பெயரே குடும்பப் பெயர். அந்த வாரம் அவளும் சோதனை செய்துகொண்டிருந்தாள். லேப் உறையில் இருவருமே ‘ஜெயராம், ஹெச்.’ தன் சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்க வந்தவரிடம் இரண்டு உறைகளையும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒன்றைத் திருப்பி எடுத்துவந்தார். முகம் சரியில்லை. நான் செய்தது அப்போதுதான் உறைத்தது. அவருடனேயே டாக்டர் அறைக்குள் போனேன்.

“மூலையிலே வயசு பத்தொன்பதுன்னு இருக்கு. ஹம்சாவோடது. நீங்களே பிரிச்சுச் சொல்லுங்கோ.”

“தப்பு எங்களோடது சார், மன்னிக்கணும். ஆனா நான் சொல்ல முடியாது.”

“நான் அவ அப்பா.”

“உங்க ஆபீஸ்ல கான்ஃபிடென்ஷியல்னு கவர் வந்தா யார் பிரிப்பா?”

“யார் பேருக்கு வந்ததோ அவா. இதுலயும் அந்த முத்திரை இருக்கு. அதனாலதான் கை வைக்கலை.”

“அப்போ அவளை அனுப்பி வையுங்கோ.”

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெரிசா ஏதாவதா?”

“எதுவானாலும் பாத்துக்க நான் இருக்கேன்.”

மேஜைமேல் வைத்தார். “வாங்கிண்டதா ஒரு சீட்டு குடுங்கோ.”

டாக்டர் சிரிக்காமல் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்.

மாலையில் ஹம்சா வந்தாள். “அப்பா கைக்குப் போச்சாமே. படிச்சுட்டாரா ஆன்ட்டி? சச் பதாவோ, உண்மையைச் சொல்லுங்கோ.”

“தப்பு என்னோடதும்மா. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு, பார்.”

ஒட்டிய ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அரை மணி கழித்து வந்தபோது கண் சிவந்திருந்தது.

“ஒரு வாரம் மாத்திரை, அவ்வளவுதான். சரியாயிடுமாம். அவனும் வந்து காட்டணுமாம்.” சற்று நின்றாள். “டாக்டர் ஒரு வார்த்தைகூடத் திட்டலை ஆன்ட்டி.”

வாசல்வரை கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே ஜெயராம் சார், ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகளின் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார்.

“சாப்பாட்டுக்கு முன்னயா, அப்புறமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியை உதைத்தார்.