விஎம்ஸ்டாட்டின் முதல் வரி

அந்த லேப்பில் அவனுக்கு நாடி என்று பெயர். ரத்தம், சிறுநீர் என்று ஜனங்கள் கொண்டுவந்து கொடுப்பதையெல்லாம் மற்றவர்கள் சோதித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் பின்னறையில் ஏசி காற்றில் உட்கார்ந்து சர்வருக்கு நாடி பார்த்தான். கருப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டுவான். எண்கள் ஒரு வரியாக வந்து விழும். புருவத்தை உயர்த்தி 'ம்' என்பான். அந்த 'ம்'முக்குத்தான் சம்பளம்.

கட்டளையின் பெயர் விஎம்ஸ்டாட். எந்த மிஷினாக இருந்தாலும் அதன் இயங்குதளத்தின் அடிவயிற்றில் கர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிராசஸர் எவ்வளவு நேரம் உழைத்தது, எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது, டிஸ்க் எழுதி முடிக்கட்டும் என்று எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்று ஒன்று விடாமல் எண்ணி வைத்துக்கொள்ளும். மருமகள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று கணக்கு வைக்கும் மாமியார் மாதிரிதான். ஒரே வித்தியாசம், கர்னல் கேட்டால்தான் சொல்லும்.

நாடி அதைச் சும்மா விடவில்லை. சற்றைக்கொருதரம் விஎம்ஸ்டாட்டைக் கேட்டு, வருகிற ஒற்றை வரியைச் சேர்த்துவைத்து, வரைபடமாக்க ஒரு குட்டிப் புரோகிராம் எழுதியிருந்தான். மாதா மாதம் அதை வண்ணத்தில் அச்சடித்து முதலாளியின் அறைச் சுவரில் ஒட்டுவான். டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம் என்கிற பச்சைக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. முதலாளிக்கு அந்தக் கோட்டின் மேல் தனிப் பிரியம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவார். லேப் நடத்துகிற மனிதர். உயிரோடு இருக்கும் எதற்கும் அப்படியொரு நேர்கோடு வராது என்று அவருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சிக்கல் முன்மேசையில் இருந்தது. காலையில் கூட்டம் சேர்ந்ததும் ரிப்போர்ட் திரை சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்களும், நேற்றுக் கொடுத்ததற்கு ரிப்போர்ட் வாங்க வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்று, முன்மேசைப் பெண்ணின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். பசி வந்த ஆளிடம் 'சர்வர் ஸ்லோ' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அந்த ரிப்போர்ட் புரோகிராமை எழுதியவள் நாடியின் மனைவி. அவனுக்கு முன்பே அங்கே சேர்ந்தவள். இவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். ஆனாலும் அங்கே எல்லோரும் அவளை 'நாடி வீட்டுக்காரி' என்றுதான் சொன்னார்கள். அவள் சொல்வது இதுதான்: காலையில் மிஷின் மூச்சுத் திணறுகிறது; என் புரோகிராம் டிஸ்க்கிடம் ஒரு ஃபைலைக் கேட்டுவிட்டு தேவுடு காத்துக்கொண்டிருக்கிறது. நாடி சொல்வதும் ஒன்றேதான்: கோட்டைப் பார்.

சண்டை வீட்டுக்கும் வந்தது. சமையலறையில் அவள் பாத்திரம் தேய்க்க, இவன் துடைத்துக்கொண்டே, நான் சொல்லவில்லை, கர்னல் சொல்கிறது, கர்னல் பொய் சொல்லாது என்றான். அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா என்று கேட்டாள். அதற்கு நாடி ஏற்கெனவே துடைத்த தட்டை இன்னொரு தரம் துடைத்தான். கெட்டவன் இல்லை. கோட்டை நம்புகிற ஆள், அவ்வளவுதான்.

கடைசியில் முதலாளி முடிவெடுத்தார். மிஷின் நன்றாக இருக்கிறது என்று சுவரே சொல்கிறது. ஆகவே கோளாறு புரோகிராமில்தான். வெளிக் கம்பெனி ஒன்றிடம் புதுப் புரோகிராம் வாங்குவது, பழையதை எழுதியவளை அனுப்பிவிடுவது. வியாழக்கிழமை காலை அவர் அறையில் கூட்டம்; நாடி ஒருமுறை எண்களைக் காட்டியதும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. மனைவியை வேலையிலிருந்து தூக்கப் புருஷனே சாட்சி சொல்ல வேண்டும் என்பது முதலாளிக்கு விசித்திரமாகப் படவில்லை. நாடிக்கு மட்டும் முந்தின நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை. எண் பேசுகிறது, நான் என்ன செய்ய என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலை கொஞ்சம் முன்னதாகவே பின்னறைக்குப் போய் ஒத்திகை பார்த்தான். ஒற்றை வரியைக் காட்டினால் பந்தாவாக இருக்காதே என்று கட்டளைக்குப் பின்னால் ஒன்று என்ற எண்ணையும் சேர்த்துத் தட்டினான். அப்படித் தட்டினால் விநாடிக்கு ஒரு வரி வரும். அவன் அதுவரை அப்படித் தட்டியதே இல்லை.

முதல் வரி வந்தது. பழகிய முகம்: டிஸ்க்குக்காகக் காத்திருந்தது, இரண்டு சதவீதம். இரண்டாவது வரி வந்தது. எண்பத்தொன்று. அடுத்தது எண்பத்தாறு. அதற்கடுத்ததும் அப்படியே. நாடி நிறுத்திவிட்டு மறுபடி தட்டினான். மறுபடியும் முதல் வரி பசுவாக வந்தது, பின்னால் வந்த வரிகள் எல்லாம் பேயாக வந்தன. கட்டளை பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். ஆண்பிள்ளைக்கு வருகிற முதல் சந்தேகம் எப்போதும் கருவியின் மேல்தானே. பிறகுதான், வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தக் கட்டளையின் கையேட்டைத் திறந்து படித்தான்.

தெள்ளத் தெளிவாக எழுதியிருந்தது. முதல் வரியில் வரும் சதவீதம் இந்த நிமிஷத்துடையது இல்லை. மிஷினைக் கடைசியாக அணைத்து எழுப்பிய நாளிலிருந்து இன்றுவரை எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட சராசரி. அடுத்த வரியிலிருந்துதான் இப்போதைய நிலவரம். அந்தச் சர்வரை எழுப்பி வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. ஆளில்லாத ராத்திரிகள், விடுமுறை நாட்கள் எல்லாம் அந்தச் சராசரிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன. காலை நேரத்து மூச்சுத்திணறல் அதில் கரைந்து காணாமல் போயிருந்தது. இவன் ஒற்றை வரியை மட்டும் கேட்டு வாங்கி, அதையே திரும்பத் திரும்ப வரைந்து, கலர் வேறு அடித்திருக்கிறான்.

சரி, காலையில் டிஸ்க்கைப் போட்டு அமுக்குவது யார் என்று தேடினான். அதிக நேரம் ஆகவில்லை. அவனுடைய பேக்கப். பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் சுருக்கிக் கட்டி நகல் எடுக்கும் வேலை. முன்பு அது ராத்திரியில் ஓடியது. ஒரு ராத்திரி அது பாதியில் நின்றுபோய், போன் வந்து இவன் தூக்கம் கெட்டது. மறுநாளே அதைக் காலைக்கு மாற்றினான், தான் டீயோடு உட்காரும் நேரத்துக்கு. மாற்றியதை மறந்தும் போனான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நாடி உண்மையிலேயே பயந்தான். தப்புவதற்கு வழி இருந்தது, அதுதான் பயம். பேக்கப்பைச் சத்தமில்லாமல் ராத்திரிக்கு மாற்றிவிட்டு, கூட்டத்தில் பழைய ஒற்றை வரியைக் காட்டினால் போதும். மனைவி போவாள், மிஷின் வேகமெடுக்கும். பார்த்தாயா, அவள் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊர் பேசும். இவனுடைய கோட்டுக்குச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியப்போவதில்லை. பேக்கப்பை நிறுத்தும் கட்டளையைப் பாதி தட்டினான். பிறகு அழித்தான். ஓடட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து போனான்.

முதலாளி அறையில் மேஜைமேல் ஒப்பந்தம் தயாராக இருந்தது, பக்கத்தில் மூடி திறந்த பேனா. அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். பையில் தன் சாமான்களை ஏற்கெனவே அள்ளிப் போட்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. நாடி லேப்டாப்பைத் திரையோடு இணைத்து, கட்டளையைத் தட்டி, ஒன்று என்ற எண்ணையும் சேர்த்தான்.

வரிகள் வந்துகொண்டே இருந்தன. அவள் தலை நிமிர்ந்தது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எண்ணெல்லாம் ஏறியிருக்கே. நல்லதுதானே?" என்றார்.

தப்பித்துப் போக அவரே கதவைத் திறந்துவிட்டார். 'ஆமா சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது. நாடி திரையில் எண்பதுகளைத் தொட்டுக் காட்டினான்.

"நல்லதில்ல சார். மிஷின் காலையில டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டே நிக்குது. சுவத்துல நான் ஒட்டினது ஒரு வருஷத்துச் சராசரி, அது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். மூச்சை அடைக்கிறது என்னோட பேக்கப். புரோகிராம்ல ஒரு கோளாறும் இல்ல."

முதலாளி சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அத்தனை விருந்தாளிகளிடம் காட்டிய கோடு ஆயிற்றே, மனிதருக்குத் தாங்கவில்லை. அப்படியானால் இது பொய்யா என்று கேட்டார். பொய் இல்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு என்றான் நாடி. அங்கேயே பேக்கப்பை நிறுத்தினான். எண்பதுகள் சரிந்து மூன்றும் நான்குமாக இறங்கின. முன்மேசைப் பக்கம் பிரிண்டர் கடகடவென்று ரிப்போர்ட்டுகளைத் துப்பும் சத்தம் கேட்டது. முதலாளி பேனாவை மூடினார். ஒப்பந்தத்தை டிராயரில் போட்டார். இனி சுவரில் எதை ஒட்டுவதென்றாலும் முதலில் உன் மனைவியிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு வா என்று உத்தரவு போட்டுவிட்டு, சுவரில் இருந்ததைத் தன் கையாலேயே கிழித்துக்கொண்டு வெளியே போனார்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். பெரிய தியாகம் செய்துவிட்டோம், ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நாடிக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. வெட்கங்கெட்ட ஆசை.

அவள் பையிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"உண்மையைச் சொன்ன, சரி. ஆனா எத்தனை நாளா நான் வாயால சொன்னேன்? வீட்டுலயும் சொன்னேன், இங்கயும் சொன்னேன். அந்தக் கருப்புத் திரை சொன்னதும்தான் உனக்கு நம்பிக்கை வந்துச்சு."

நாடிக்குச் சுருக்கென்று தைத்தது. மன்னித்துவிடு என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது மன்னிப்பா, சும்மா ஆட்டியதா என்று தெரியவில்லை. தெரியாததால் கேட்டான்.

"கோபம் போயிடுச்சா?"

"இன்னும் இல்ல," என்றாள்.

அவன் நம்பினான்.