ஐன் ரும்மானில் ஆள் இல்லை

முதலீட்டு அலுவலகத்தின் சிலியானா கிளையில் நான் இருபத்திரண்டு வருஷமாக டிரைவர். எந்த நாட்டுப் பணம் எப்போது எங்கள் துனிசியாவுக்கு வரும், எப்போது நிற்கும் என்று தலைநகரத்தில் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் பின்சீட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முதலில் இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். தையல் தெரிந்த பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள், எங்கள் பெண்கள் டெலிபோனில் பேசினால் பாரிஸ்காரி பேசுவது போல இருக்குமா என்று கேட்டார்கள். வளைகுடாக்காரர்கள் எதுவுமே கேட்கவில்லை. ஏரிக்கரையில் ஒரு நகரமே கட்டப்போவதாகப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அதில் ஆடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன. புரட்சிக்குப் பின் மூன்று வருஷம் பின்சீட்டில் ஈ காக்கை கிடையாது, வெறும் கோப்புகளைத்தான் சுமந்தேன். இப்போது நடப்பது கார்களுக்கு ஒயர் கட்டுகிற ஜெர்மன்காரர்களின் காலம்.

போன வருஷம் வரை வந்த பணம் எதுவும் கடற்கரையைவிட்டு மலைக்கு ஏறியதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கடற்கரை நகரமான சூஸில் ஏற்கனவே இருக்கிற கம்பெனி பக்கத்திலேயே இன்னொரு ஷெட் போடும். புது முதலீடு வந்துவிட்டது என்று பேப்பரில் எழுதுவார்கள். எங்கள் மலையூரான ஐன் ரும்மானுக்கு வருகிறவர்கள் போட்டோ பிடிப்பார்கள், கஸ்கஸ் என்கிற எங்கள் ரவைச் சோற்றைச் சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள்.

என் மனைவி நஸீஹா அப்போது ஒன்பது வருஷமாக சூஸில் ஒயர் கம்பெனியில் இருந்தாள். நான்கு பெண்களோடு ஓர் அறை. சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வருவாள், ஞாயிறு மாலை கிளம்பிவிடுவாள். கல்யாணம் பண்ணிக்கொண்டும் எனக்கு வாய்த்தது வாரம் ஒரு நாள் சம்சாரம்தான். அதனால் போன மார்ச் மாதம் ஒரு ஜெர்மன் ஒயர் கம்பெனி புதுக் கிளை போட எங்கள் ஊரா, மொரோக்கோவில் ஓர் ஊரா என்று பார்ப்பதாகக் கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தவர் ரைனெர்ட் அம்மா. ஐம்பது வயது, தட்டைச் செருப்பு, கையில் சின்ன நோட்டு. இளவயதில் சூஸ் ஹோட்டல்களில் ஆறு வருஷம் பரிமாறியதில் எனக்கு ஜெர்மன் வரும். அதனால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது.

எங்கள் வட்டார அதிகாரி ஜல்லூல் நல்ல மனிதர்தான். ஆனால் பெரிய இடத்து ஆள் வருகிறார் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சாலையோரக் கல்லுக்கு வெள்ளையடிப்பது, தொட்டியில் வைத்த பேரீச்சமரங்களை இறக்குவது, வந்தவர் கண்ணில் சந்தடி படாமல் ஊரைத் துடைப்பது. அவர் தகப்பனாரும் அதிகாரியாக இருந்து இதையேதான் செய்தார். அந்தச் சனிக்கிழமை காபிக்கடைகளை அடைக்கச் சொல்லிவிட்டார். வாரச்சந்தையைத் தானியக் கிடங்குக்குப் பின்னால் தள்ளினார். நாலு மணி பஸ்களையும் அங்கேயே நிற்கச் சொன்னார்.

"ஐயா, வேலைக்கு ஆள் இருக்கான்னு பார்க்க வர்றாங்க. நீங்க ஆளையெல்லாம் ஒளிச்சு வெச்சா எப்படி?" என்று கேட்டேன்.

"லஸ்ஹர், நீ வண்டிய ஓட்டு. காபிக்கடையில முன்னூறு பேர் சும்மா குந்தியிருக்கிறதப் பார்த்தா அந்தம்மா என்ன நெனைக்கும்?"

ரைனெர்ட் அம்மா தெருவில் நடந்தார். வெள்ளைக் கல், பச்சை மரம், எதிரில் ஒரு பூனை. ஜல்லூலுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "எவ்வளவு அமைதியான ஊரு பார்த்தீங்களான்னு சொல்லு" என்றார். சொன்னேன். மதியம் ஆட்டுக்கறி கஸ்கஸ். அந்த அம்மா பாதி சாப்பிட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

காரில் ஏறியதும் என்னிடம், "உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நிலம் நல்லா இருக்கு, கரண்ட் இருக்கு. ஆனா ஊருல ஆளே இல்லையே. யார வெச்சு நான் கம்பெனி நடத்துறது? மொரோக்கோதான்னு எழுதப் போறேன்" என்றார்.

எனக்கு ஜல்லூல் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. மணி நாலு ஆகப் பத்து நிமிஷம். "அம்மா, கால் மணி நேரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு, தலைநகர் சாலையை விட்டுக் கிடங்குப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். வேலை போனாலும் போகட்டும்.

கிடங்குக்குப் பின்னால் ஊரே இருந்தது. மிளகாய் மூட்டை, கோழிக் கூடை, கொண்டைக்கடலை சூப் விற்கிறவன், சும்மா நிற்கிற இளவட்டங்கள், இட நெருக்கடியில் சண்டை. மூன்று பஸ்களும் அப்போதுதான் வந்து நின்றன. பையும் பொட்டலமுமாகப் பெண்கள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ரைனெர்ட் அம்மா காரிலிருந்து தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"இவங்கெல்லாம் எங்கேருந்து வர்றாங்க?"

"சூஸ்லேருந்து அம்மா. உங்க மாதிரி கம்பெனிகள்லேருந்துதான். எல்லாரும் இந்த ஊர்க்காரங்க."

இரண்டாவது பஸ்ஸிலிருந்து இறங்கிய நஸீஹா என்னையும் வெள்ளைக்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன். சொந்தக்காரர்களை முதலீட்டாளர் முன்னால் நிறுத்தினால் எங்கள் அலுவலகத்தில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அவள் புரிந்துகொண்டாள். ஆனால் சும்மா இருப்பாளா?

"டிரைவரண்ணே, இந்தம்மா யாரு? இவங்களும் போட்டோ புடிக்கத்தான் வந்தாங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் பெண்டாட்டி என்னை அண்ணனாக்கினாள். விழுங்கிக்கொண்டு மொழிபெயர்த்தேன். இங்கே கம்பெனி வந்தால் நீங்கள் வருவீர்களா என்று கேட்கச் சொன்னார் ரைனெர்ட் அம்மா.

"அதென்ன கேள்வி? எங்க சர்வீஸ் என்ன ஆகும்னு மொதல்ல அவங்களச் சொல்லச் சொல்லுங்க. ஒம்பது வருஷம் வேலை செஞ்சவள, புதுசா வந்தவன்னு கடைசியில நிக்க வெப்பாங்களா? அப்படின்னா வீட்டுப் பக்கத்துல கெடைச்சாலும் வேணாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாமாம்! கொஞ்சம் மழுப்பிச் சொன்னேன். ரைனெர்ட் அம்மா என்னைப் பார்த்து, "அவங்க இவ்வளவு நேரம் பேசினாங்க, நீங்க ரெண்டே வார்த்தை சொல்றீங்க. முழுசா சொல்லுங்க" என்றார். முழுசாகச் சொன்னேன்.

"அது என் கையில இல்ல. தலைமை ஆபீஸ்ல கேக்கணும்."

"அப்ப கேட்டுட்டு வரச் சொல்லுங்கண்ணே. நாங்க எங்க ஓடிப்போறோம்? சூஸுக்கும் இங்கயும்தான் அலைஞ்சுகிட்டுக் கெடக்கோம்." பிறகு திரும்பி ஒரு கத்துக் கத்தினாள். "ஏண்டி, சர்வீஸ் கணக்குல வந்தா ஊருக்கே வந்துடுறவங்கெல்லாம் கையத் தூக்குங்கடி!"

பஸ் வாசலில், மூட்டை மேல், சூப்புக் கடை முன்னால், எங்கே பார்த்தாலும் கை. சூஸைக் கண்ணாலே பார்க்காத மிளகாய்க்கார அம்மாளும் தூக்கினாள். ரைனெர்ட் அம்மாவின் பேனா நோட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஜல்லூல் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டேய் லஸ்ஹர், என் மானத்த வாங்கிட்டியேடா! இந்தக் குப்பையையா காட்டுவ?"

என்ன சொல்கிறார் என்று கேட்டார் அந்த அம்மா. சொன்னேன். "காலையில எனக்குக் கல்லைக் காட்டினாரு. எனக்கு வேண்டியதை இங்க பூட்டி வெச்சிருந்தாருன்னு சொல்லுங்க" என்றார். அதை ஜல்லூலுக்கு மழுப்பாமல் மொழிபெயர்த்தேன். அவர் சூப்புக்காரனின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், பாவமாகத்தான் இருந்தது.

தலைநகருக்குப் போகிற வழியில் ரைனெர்ட் அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணு உங்க மனைவிதானே?"

பொய் சொல்ல வரவில்லை. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வேற யார் அப்படி அதட்டிப் பேசியிருந்தாலும் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். அவங்க கத்தக் கத்த நீங்க சிரிச்சுகிட்டே நின்னீங்க."

அவர் யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம் பதில் வந்தது. ஒன்பது வருஷ சர்வீஸில் ஏழு வருஷத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். நஸீஹா ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, "மீதி ரெண்ட உனக்காக விட்டுத் தர்றேன், போ" என்றாள். இந்த வருஷம் கம்பெனி திறந்தது. நாட்டுக்குள் வந்த மொத்த முதலீடு இந்த வருஷம் குறைந்துவிட்டதாம். அலுவலகத்தில் எல்லார் முகமும் தொங்கியது. நானும் மரியாதைக்கு என் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

சூஸில் கணக்கை முடித்துக்கொண்டு அவள் நேராக வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்தரை மணிக்குக் கதவு திறந்தது. யாரோ என்று எழுந்தேன். செவ்வாய்க்கிழமையில் அவளைப் பார்த்து ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏன்யா, பேயப் பார்த்த மாதிரி முழிக்கிற? அடுப்புல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. தனியாளுக்கு எதற்கு என்று செவ்வாய்க்கிழமைகளில் நான் சமைப்பதே கிடையாது. காலிச் சட்டியைத் திறந்து காட்டினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெங்காயத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "உரி" என்றாள். கண்ணீருக்கு வெங்காயம் வசதியாகப் போயிற்று.