யூகிமுக்கு வைத்த முட்டை

மூன்றாம் பாகம் ஒளிபரப்பாகும்வரை யூகிம் நல்ல மனிதராகத்தான் இருந்தார். செத்து முப்பது வருஷம் ஆகப்போகிற ஆள், இனிமேல் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். தொலைக்காட்சிக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

கீவ் நகரத்தின் ஓரத்தில், த்ரொயேஷ்சினாவில், அணு உலை ஊரான பிரிப்யாத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய அடுக்குமாடி அது. அணு உலை வெடித்த கதையைத் தொடராக எடுத்திருக்கிறார்கள் என்றதும் கட்டடமே ரயீசாவின் வீட்டில் கூடியது. அவள் வீட்டு டிவிதான் பெரியது. அவள் கணவர் ஸ்தெபானும் யூகிமைப்போல உலையில் வேலை பார்த்தவர்; போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. எல்லோரும் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, "நம்ம தெருவுல ஏதுடி இவ்வளவு அழுக்கு?", "எந்த நர்ஸு அப்போ இப்படி உதட்டுச்சாயம் பூசினா?" என்று குறை சொல்லியபடியே அழுதார்கள். முதல் இரண்டு வாரமும் எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் யூகிமின் மனைவி தமாரா.

மூன்றாம் வாரம் அந்தக் காட்சி வந்தது. இருண்ட கூடம், முழங்கால் அளவு தண்ணீர். உலைக்குத் தண்ணீர் போகிற குழாயின் சக்கரத்தை இரண்டு பேர் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மீசைக்காரர். சற்று முன்னால்தான் ஒரு கல்யாண வீட்டில் அக்கார்டியன் வாசித்தார். மற்றவர் ஒல்லி, திக்குவாய். "எ... எ... என்னால முடியாது" என்று தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த ஒல்லி மனிதர் ஓடினார். மீசைக்காரர் தனியாக நின்று, விடியும்வரை சக்கரத்தைத் திருப்பினார்.

பெயரெல்லாம் வேறுதான். ஆனால் பிரிப்யாத்தில் எந்தக் கல்யாணமானாலும் அக்கார்டியன் வாசித்தவர் ஸ்தெபான். திக்கித் திக்கிப் பேசியவர் யூகிம். அறையில் இருந்த அத்தனை தலையும் தமாரா பக்கம் திரும்பியது.

"அ... அ... அடியே தமாரா, க... கதவத் திற, நான் வ... வந்துட்டேன்!" என்றார் போரிஸ். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். இப்போது மற்றவர் பிழைப்பை ஓட்டுகிறார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாலாம் மாடி ஹன்னா, "சும்மா இருங்க, பாவம், எதிர்லயே உக்காந்திருக்கா" என்று அடக்கினாள். அவள் வாயிலும் சிரிப்பு இருந்தது.

தமாராவின் முகத்தில் ஈயாடவில்லை. "அவர் ஓடல" என்றாள். "அவர்தான் கடைசிவரைக்கும் நின்னாரு. ஸ்தெபான் அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. ரயீசா, உனக்குத் தெரியுமில்ல? நீ சொல்லுடி."

ரயீசா எழுந்தாள். "தண்ணி கொதிக்குது பாரு" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அன்று இரவு வேலை முறை ஸ்தெபானுடையது. ஆற்றில் மீன் ஏறுகிற காலம். "ஒரு ராத்திரி என் இடத்துல நில்லுடா யூகிம், உனக்குக் கெண்டை கொண்டுவரேன்" என்று அவர் யூகிமின் வீட்டு வாசலில் நின்று கெஞ்சியபோது, பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளே ரயீசாதான். யூகிம் திக்கித் திக்கிச் சிரித்து, தலையாட்டிவிட்டுப் போனார். காலையில் இவர்கள் மீனோடு வந்தார்கள். யூகிம் உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தார். ஐந்து வருஷம் தமாரா அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

இதையெல்லாம் தொடருக்காகக் கதை கேட்டு வந்த பெண்ணிடம் ரயீசா ஒழுங்காகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால். தமாரா அப்போது இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆறு, வலை, மீன் என்று கதை போனதும் அந்தப் பெண் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தாள். தன் வீட்டில், தான் சுட்ட கேக்கைத் தின்றுகொண்டே ஒருத்தி தன் பேச்சைக் கேட்காமல் இருப்பதா? "கடைசி நேரத்துல அவர் மீனுக்குப் போகலம்மா" என்றாள் ரயீசா. அந்தப் பெண் நிமிர்ந்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கண் காது மூக்கு வைத்துப் பேசுவதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. தமாரா தன்னிடம் அழுது அழுது சொன்னதையெல்லாம் எடுத்து ஸ்தெபானுக்கு மாட்டினாள். சக்கரம், தண்ணீர், வெந்த கை. பெண்ணின் கண் கலங்கியது.

"கூட யாருமே இல்லையாம்மா? எல்லாரும் ஓடிட்டாங்களா?"

"ஒருத்தர் ஓடினாரு."

"எப்படி இருப்பாரு அவரு?"

பொய்க்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பக்கத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டாள்.

இப்படித் திரையில் வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்று எல்லோரும் போனபின் போன் அடித்தது. போலந்தில் கட்டட வேலை செய்கிற மகன் ரொமான். அப்பாவைக் குடிகாரன் என்று திட்டிவிட்டுப் போனவன், அவர் சாவுக்கும் வராதவன், வருஷக்கணக்கில் அம்மாவிடமும் பேசாதவன்.

"அம்மா, அது அப்பாதானே? அந்த மீசை, அந்த அக்கார்டியன்..." அவன் தேம்பினான். "அதனாலதான் குடிச்சாரா? நான் என்னவெல்லாம் சொல்லிட்டேன்மா அவர. நீ ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"அவரே சொல்லக்கூடாதுன்னுட்டாருடா" என்றாள் ரயீசா. வாய் அதுபாட்டுக்குப் பேசியது. அதிலிருந்து ஞாயிறு தவறாமல் போன் வந்தது. இதுவரை பார்த்தே இராத பேத்தி திரையில் வந்து கை ஆட்டியது. ஸ்தெபான் உயிரோடு இருந்தபோது செய்யாத நல்லது இது. செத்தபின் செய்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

தமாராவுக்கு வேறு மாதிரி போன்கள் வந்தன. எடுத்தால் ஒருவன் திக்குவான், பிறகு சிரிப்பு. கதவில் சாக்பீஸால் ஓடுகிற மனிதன் ஒருவனை வரைந்தார்கள். துடைத்தாள், மறுபடி வரைந்தார்கள். போரிஸ் லிஃப்ட் கதவை மறித்துக்கொண்டு, "ஓடுறதுதான் உங்க குடும்பத்துக்கு வரும்ல, படிக்கட்டுல போயேன்" என்றார். இடுப்பில் கம்பி வைத்தவள், ஏழு மாடி. ஏறினாள்.

இத்தனைக்கும் இவர்கள் யூகிமின் சவப்பெட்டியைத் தூக்கிப் போனவர்கள். அவர் கையைக் கண்ணால் பார்த்தவர்கள். தமாரா அதை நினைவுபடுத்தினாள்: "ஹன்னா, நீதானேடி கட்டு மாத்தினே? கையுறை மாதிரி தோல் உரிஞ்சு வந்துச்சே, மறந்துட்டியா?"

ஹன்னா யோசித்தாள். "ஓடறப்போ சூடான கம்பி எதையாவது பிடிச்சிருப்பாரு" என்றாள்.

"நான் பொய்யா சொல்றேன்?"

"நீ ஏன்டி பொய் சொல்லப்போற? அவர் உங்கிட்ட சொன்னதத்தான் நீ சொல்ற. ஓடினவன் பொண்டாட்டிகிட்ட ஓடினேன்னா சொல்லுவான்? நாங்கதான் பாத்தோமே."

நாங்கதான் பாத்தோமே. பார்த்தது டிவியில் என்பது அவளுக்கு நினைவிருந்ததா இல்லையா, தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் தமாரா ரயீசாவின் சமையலறைக்கு வந்தாள், கையில் ஊறுகாய்க் காளான் பாட்டிலோடு. மேசை மேல் அதை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"உங்கிட்ட ஒண்ணுதான் கேக்கறேன். ஈஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை எல்லாரும் கல்லறைக்கு வருவாங்க. அங்க எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லு. அவர் ஓடலன்னு மட்டும் சொல்லு. ஸ்தெபான்தான் ஹீரோன்னா இருந்துட்டுப் போகட்டும், எனக்கு வேணாம். ரெண்டு பேரும் நின்னாங்கன்னு சொல்லிடேன். உன் வீட்டுக்காரர் பங்கு குறையவா போகுது?"

"சொல்றேன்டி."

"சத்தியமா?"

"சொல்றேன்னுதானே சொல்றேன்!" ரயீசாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த நிமிஷம் அவள் மனதார நினைத்தது அதைத்தான். ரெண்டு பேரும் நின்னாங்க. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. தமாரா குனிந்து அவள் கையில் முத்தமிட்டுவிட்டுப் போனாள். காளான் அருமையாக இருந்தது.

அந்த ஞாயிறு கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அவரவர் கல்லறையில் விரிப்பைப் போட்டு, ரொட்டியும் வோட்காவும் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சாயமிட்ட முட்டை கொடுப்பார்கள். "எங்காள நினைச்சுக்கோங்க" என்று கொடுப்பார்கள். "பரலோகம் கிடைக்கட்டும்" என்று வாங்கிக்கொள்வார்கள். வாங்கமாட்டேன் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

ஸ்தெபானின் கல்லறை பூவில் மூழ்கியிருந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். செய்திக்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். "நேரலையில போடறாங்களாம்மா, பாப்பாவ மடியில வச்சுக்கிட்டுப் பாப்பேன்" என்று ரொமான் காலையிலேயே சொல்லியிருந்தான். ரயீசா புது முக்காடு அணிந்து கல்லறைக்குப் பக்கத்தில் நின்றாள்.

நாலு கல்லறை தள்ளித்தான் யூகிம். தமாரா கூடை நிறைய முட்டையோடு அங்கே நின்றாள். அடர்சிவப்பு. ஒன்றில் மட்டும் மெழுகால் பூ வரைந்திருந்தாள். அது யூகிமின் தலைமாட்டில் வைக்க. போகிறவர்களிடம் நீட்டினாள். "நினைச்சுக்கோங்க." அவர்கள் பாதையின் அந்த ஓரத்துக்கு நகர்ந்தார்கள். ஹன்னாவிடம் நீட்டினாள். ஹன்னா, "முட்டை எனக்கு ஒத்துக்கறதில்லடி" என்றாள். அவள் பையில் ஒன்பதோ பத்தோ முட்டைகள் உருண்டன. போரிஸ் காரணம்கூடச் சொல்லவில்லை, தரையில் துப்பினார்.

தமாரா கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக ரயீசாவிடம் வந்தாள். கூட்டம் வழி விட்டது. கேமரா திரும்பியது.

"சொல்லு ரயீசா" என்று முட்டையை நீட்டினாள்.

ரயீசா கேமராவைப் பார்த்தாள். அதற்குள்ளே எங்கேயோ ரொமான், மடியில் பேத்தி. ரெண்டு பேரும் நின்னாங்க என்று சொன்னால், அடுத்து என்ன கேட்பார்கள்? அப்படியென்றால் அந்தத் திக்குவாய் ஆளைப் பற்றிச் சொன்னது யார் என்று கேட்பார்கள். நூலைப் பிடித்து இழுத்தால் வலை வரும், வலையோடு மீன் வரும். மீன் பிடிக்கப் போன அப்பாவுக்கு எந்த மகன் ஞாயிறுதோறும் அழுவான்?

அவள் கையை நீட்டி முட்டையை வாங்கிக்கொண்டாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. தமாராவின் முகம் மலர்ந்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நான் யூகிம மன்னிச்சுட்டேன்" என்றாள் ரயீசா. குரல் தானாகவே தழுதழுத்தது. "என் வீட்டுக்காரர் இருந்திருந்தா அவரும் மன்னிச்சிருப்பாரு. பயம் எல்லாருக்கும் வர்றதுதானே? இவ என்ன பாவம் செஞ்சா?"

ஹன்னா ஓவென்று அழுதாள். யாரோ கை தட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் கை தட்டலாமா என்று யோசிக்காமல் மற்றவர்களும் தட்டினார்கள்.

"இல்ல" என்றாள் தமாரா. "இல்ல... அவரு... அ... அ..." போரிஸ் இந்த முறை சிரிக்கவில்லை. அவள் தோளைத் தட்டி, "விடு தமாரா, விடு. எங்களுக்கும் மனசு இருக்கு" என்றார். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டார். "மன்னிச்சுட்டோம்."

அதன்பிறகு வரிசையாக வந்தார்கள். ஹன்னா எடுத்தாள். ஏழாம் மாடி எடுத்தது, மூன்றாம் மாடி எடுத்தது, பெயர் தெரியாதவர்களும் எடுத்தார்கள். பரலோகம் கிடைக்கட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மன்னிச்சோம் என்றார்கள். மன்னிக்கிறதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று அதுவரை தெரியாமல் போயிற்றே என்பதுபோல் எல்லோர் முகமும் கனிந்திருந்தது. தமாரா கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் இழுத்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

கடைசியில் பூப்போட்ட முட்டை மட்டும் மிஞ்சியது. செய்திக்காரப் பெண் அதை எடுத்துக் கேமராவுக்குக் காட்டினாள்.

"அது அவருக்கு" என்றாள் தமாரா, மெதுவாக. மைக் அவள் பக்கம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ஹன்னா ரயீசாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்கு எவ்வளவு பெரிய மனசுடி!" ரொமான் அழைத்தான். "பாத்தேன்மா. நானா இருந்தா மன்னிச்சிருக்கவே மாட்டேன்" என்றான். ரயீசாவும் அழுதாள். நடிப்பில்லை, மார்பிலிருந்து பெரிய கல் இறங்கினாற்போல் நிஜமாகவே இருந்தது. யூகிம்மீது அவளுக்கு இப்போது துளியும் கோபமில்லை.

"தமாரா ஏறலியே?" என்று யாரோ கேட்டார்கள்.

"வருவா. கொஞ்சம் தனியா அழட்டும்" என்றார் போரிஸ்.

அழுததில் ரயீசாவுக்குப் பசித்தது. பையிலிருந்த முட்டையை எடுத்து ஜன்னல் கம்பியில் தட்டி உரித்தாள். பக்குவமாக வெந்திருந்தது. தமாரா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஹன்னா தன் பையைத் துழாவி உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.