ஜீப்புக்கு ஊர் பார்த்தல்

மூன்று மலையூர்களும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்களைப் பார்க்க வந்தன. ராகுகாலம் மாலை நாலரைக்குத்தான் என்பதால் அவசரம் இல்லை.

ஜீப்பைக் கழுவி, முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டி, ஹாலில் நிறுத்தியிருந்தேன். எங்கள் வீடு கோயம்புத்தூரில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஜீப் லிஃப்டில் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். அது படியில் வந்தது.

என் பெயர் சுலோச்சனா. நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தொன்பது வருடம் மற்றவர்களிடம் சத்தம் போடாதீர்கள் என்று சொல்லியே காலம் தள்ளினேன். ஓய்வு பெற்ற மறுநாள் ஃபோர்வீல் ஜீப் வாங்கினேன். ரோடு இருக்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டுவார்கள். எனக்கு ரோடு இல்லாத இடம் வேண்டும். பாறை, சேறு, தண்ணீர் வற்றிய ஓடை, இப்படி. அதற்காக மலையில் ஓர் ஊருக்குக் குடிபோவதென்று முடிவு செய்திருந்தோம். முடிவு செய்தது நான். என் கணவர் அவிநாசியப்பன் சரி என்றார்.

அதுதான் சிக்கல். முப்பத்தொரு வருடமாக அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றே சொல்லிவருகிறார். ஜீப்பில் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். முதல் பாறை வந்ததும் இறங்கிக்கொள்வார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நடந்து வருவார். பிடித்து வருகிறாரா, எனக்காகப் பொறுத்துக்கொண்டு வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. விருப்பமில்லாத மனிதரை மலைக்கு இழுத்துக்கொண்டு போவது பாவம். அவர் இல்லாமல் நான் மட்டும் போகவும் எனக்கு மனம் இல்லை.

முதலில் வந்த ஊர் எங்கள் லிஃப்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுலபமாக ஏறுகிற குடும்பம் தனக்கு ஒத்துவராது என்று திரும்பிப் போய்விட்டது. மற்ற இரண்டும் சோபாவில் உட்கார்ந்தன. மஞ்சனூர் வழுவழுப்பான ஊர். தன் தார் ரோட்டைப் பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தது. கூழாங்காடு தன் மூடுபனியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்தது. அது உட்கார்ந்தபோது நாலைந்து கற்கள் உதிர்ந்தன. நான் பொறுக்கப் போனேன். இருக்கட்டும், வீட்டில் நிறைய இருக்கிறது என்றது.

பஜ்ஜியும் கேசரியும் காப்பியும் கொடுத்தேன். ஜீப் கொஞ்சம் நடந்து காட்டட்டும் என்று மஞ்சனூர் கேட்டது. ஜீப் சமையலறை வரை போய்த் திரும்பி வந்தது. பாடத் தெரியுமா என்று கூழாங்காடு கேட்டது. ஹாரனை ஒரு தடவை அடித்தேன். இரண்டு ஊர்களும் தலையாட்டின.

பிறகு அவிநாசியப்பனிடம், உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று கேட்டன.

"எனக்கென்னங்க. அம்மிணிக்குப் புடிச்சாச் செரி," என்றார்.

என்னிடம் கேட்டன. அவருக்குப் பிடித்தால் எனக்கும் சரி என்றேன். ஊர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தன. இந்த மாதிரிக் குடும்பங்களை முன்பே பார்த்திருக்கிறோம், அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயின.

மலையூர் ஒதுக்கீட்டு அலுவலகம் தரைத்தளத்தில் இருந்தது. ஆனால் அதன் நடையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது. கோப்போடு எதிரே வந்த ஊழியர்கள் வாயாலேயே பாம் பாம் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார்கள். ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டு, இறங்குகிறவர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. எட்டாவது வளைவில் அவிநாசியப்பனுக்குக் குமட்டியது. சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்துகொண்டு, ஒன்றும் இல்லை, நட என்றார்.

கடைசி வளைவுக்கு அப்பால் எழுத்தர் ராக்கியண்ணன் உட்கார்ந்திருந்தார். கம்பளித் தொப்பியால் காதை மூடியிருந்தார். நாங்கள் சமவெளிக்காரர்கள் என்பதற்குச் சான்று கேட்டார். இல்லை என்றோம். ஒரு கோலிக்குண்டை எடுத்து எங்கள் காலடியில் வைத்தார். அது உருளவில்லை. இப்போதைக்குச் சமவெளிதான் என்று முத்திரை குத்தினார்.

விண்ணப்பம் எழுதக் கணவனுக்கு ஒரு ஜன்னல், மனைவிக்கு ஒரு ஜன்னல், நடுவில் திரை. ஒருவர் எந்த ஊரை எழுதினார் என்று மற்றவருக்குத் தெரியக் கூடாதாம். தெரிந்தால் என்ன என்று கேட்டேன்.

"பேசிருவீங்க," என்றார் ராக்கியண்ணன்.

நான் பேனாவை எடுத்தேன். எனக்கு வேண்டியது கூழாங்காடு. அது சோபாவில் உட்கார்ந்த விதமே எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எட்டாவது வளைவில் அவர் முகம் போன போக்கு கண்ணை விட்டுப் போகவில்லை. மஞ்சனூர் என்று எழுதினேன். அந்த வழுவழு ரோட்டில் அவருக்குக் குமட்டாது.

ராக்கியண்ணன் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்க மஞ்சனூருங்க்கா. அவரு கூழாங்காடு."

திரையை விலக்கினேன். அவர் இல்லை. கையெழுத்துக் காய்வதற்குள் குடிபோய்விட்டார் என்றார் ராக்கியண்ணன். எழுதியதை மாற்றலாமா என்று கேட்டேன். மாற்றலாம், இருவரும் ஒரே ஊரில் நின்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. குமட்டுகிற மனிதர், எனக்காகப் போய் அந்தக் கல் நிறைந்த ஊரை எழுதித் தொலைத்திருக்கிறாரே என்று இருந்தது. முதலில் கோபத்தை முடித்துவிடலாம் என்று கதவை அறைந்து சாத்தினேன். வெளியே மஞ்சனூர் இருந்தது. வாசலில் ஜீப்பும் வந்து நின்றது.

மஞ்சனூரில் தார் ரோடு வாசலோடு நிற்பதில்லை. உள்ளே வந்து, ஹாலைக் கடந்து, கட்டில் வரை போகிறது. படிக்கட்டுகளையெல்லாம் எப்போதோ சமப்படுத்திவிட்டார்கள். மக்கள் அன்பானவர்கள். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி தன் வாசலுக்குக் கோலம் போட்ட கையோடு என் ஜீப்பின் டயரையும் துடைத்துவிட்டுப் போவாள். ஜீப்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு நாள் இளைத்தது. எட்டாம் நாள் ஸ்கூட்டர் அளவுக்கு வந்துவிட்டது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன்.

தினமும் மாலை நாலு மணிக்கு அவிநாசியப்பன் போன் செய்தார். பின்னால் கல் உருளும் சத்தம் கேட்கும். கூழாங்காட்டில் வீடுகளும் குலுங்கும் என்று மாதேஸ்வரி சொல்லியிருந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பார். குமட்டலோடு பேசுகிறவரின் குரல் எனக்குத் தெரியாதா? ஊரில் ஓட்ட வசதி எப்படி என்று அவர் கேட்பார். அருமை என்பேன். இப்படி இரண்டு பேரும் பொய் சொல்லி முடித்த பிறகும் போனை வைக்காமல் இருப்போம்.

ஒன்பதாம் நாள் காலையில் கிளம்பினேன். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சரிவு இருந்தது. அதை இரண்டு ஊரும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே ரோடு கிடையாது என்று மாதேஸ்வரி எச்சரித்தாள். அவளுக்கு நன்றி சொன்னேன்.

தார் முடிந்த இடத்தில், இருந்த இரண்டு சக்கரத்துக்கே ஃபோர்வீல் போட்டு, லோ கியரில் இறக்கினேன். முதல் கல்லில் ஜீப்புக்கு மூன்றாவது சக்கரம் வந்தது. அடுத்த கல்லில் நான்காவதும் வந்தது. ஓடைக்குள் இறங்கி ஏறியபோது பழைய அளவுக்கு வந்துவிட்டது. எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பக்கத்தில் நடந்து வர ஆள் இல்லை. அது ஒவ்வொரு கல்லிலும் தெரிந்தது.

பாதிச் சரிவில் எதிரே ஓர் ஆள் நடந்து இறங்கி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் மஞ்சள் பை. அவிநாசியப்பன்தான். ஒன்பது நாளில் பாதியாகியிருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் மேசை போட்டு ராக்கியண்ணன் உட்கார்ந்திருந்தார்.

வேறு வேறு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் நின்றால் அது புது ஊர், பதிவு செய்தாக வேண்டும் என்றார். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான். ஊர் எதற்காக? அவரவர் தமக்கு வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்தவருக்காகச் சொன்னால் செல்லாது. மேசை மடிவதற்குள் நிரப்பாவிட்டால் அவரவர் பழைய ஊருக்குப் போய்ச் சேர வேண்டும், அதன்பிறகு மாற்றமே கிடையாது.

ரோடு இல்லாததற்காக என்று நான் எழுதினேன். ராக்கியண்ணன் முத்திரை குத்தினார்.

அவிநாசியப்பன் பேனாவை வாங்கினார். அம்மிணிக்கு என்று ஆரம்பித்தார். ராக்கியண்ணன் கோடு போட்டு அடித்துவிட்டார். மறுபடி அம்மிணிக்கு என்று எழுதினார். அதையும் ராக்கியண்ணன் அடித்தார். மேசையின் ஒரு கால் மடிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு மேகம் தன் முறைக்காக வரிசையில் நின்றது. மூன்றாம் தடவையும் அம்மிணி வந்தாள். இரண்டாவது காலும் மடிந்தது. நான் ஜீப்பை விட்டு இறங்கினேன்.

"ஏனுங்க," என்றேன். "எனக்கோசரம் ஒண்ணும் வேண்டாம். உங்களுக்கு என்ன வேணும்?"

அப்படி நான் கேட்டதே இல்லை என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். மூன்றாவது கால் மடிந்தது. ராக்கியண்ணன் மேசையை முழங்காலால் தாங்கிக்கொண்டார். விதியில் அதற்கு இடம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

"உள்ள உக்காந்தா எனக்குக் கொமட்டுது," என்றார் அவர். "வெளிய நின்னு நீ ஓட்டறதப் பாக்கோணும். ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்கறப்ப நாக்கக் கடிச்சுக்குவே. தார் ரோட்டுல அது வராது. அதுக்குத்தான் கூழாங்காடுன்னு எழுதுனேன். அது உனக்கோசரம் இல்ல அம்மிணி. எனக்கோசரம்."

ராக்கியண்ணன் அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். மக்கள்தொகை இரண்டு என்று பதிந்துவிட்டு, மேசையை மடித்துக்கொண்டு, மேகத்தையும் அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவிநாசியப்பன் ஓரமாக ஒரு மேட்டில் ஏறி நின்றார். நான் ஜீப்பைப் பின்னால் எடுத்து, இருந்ததிலேயே பெரிய பாறையாகப் பார்த்து ஏற்றினேன். இடது பின்சக்கரம் தரையை விட்டது. ஓட்டும்போது நான் எப்போதும் கல்லைத்தான் பார்ப்பேன். அன்று தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நாக்கைக் கடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.